எழுத்தும் ஆட்சியும்: தற்காலச் சீனக் கலை பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நாட்டின் கலையை மற்றொரு நாட்டார் அறிய முற்படும்போது இடர்ப்பாடு இரண்டு எழுவதுண்டு. ஒன்று, அந்நாட்டு மொழியை அறியாமை. மற்றொன்று, அந்நாட்டைப் பற்றி முன்னரே கொண்டுள்ள கருத்து. முதலாவது வெளிப்படையானது, ஆதலின் அதனைக் களைய முயல்வோர் உளர். இரண்டாவது மறைந்து நிற்பது. அதனை இடரென்றே பலர் உணர்வதில்லை. தற்காலச் சீனக் கலை பற்றி எழுந்துள்ள திறனாய்வுகளைப் படிக்குங்கால், இவ்விரண்டாம் இடரே மிகுந்து நிற்கக் காண்கிறோம்.

‘தற்காலச் சீனக் கலை’ என்று ஈண்டு யாம் குறிப்பது, 1976-இல் பண்பாட்டுப் புரட்சி முடிவுற்ற பின்னர்த் தோன்றி இன்றுவரை வளர்ந்துவரும் கலையினை ஆகும். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, நிழற்படம் ஆகியவற்றோடு, ஒரு கூடம் முழுவதையும் நிரப்பும் அமைப்புகளும், கலைஞர் தம் உடலையே கருவியாகக் கொண்டு செய்யும் நிகழ்வுகளும் இதனுள் அடங்கும். இக்கலையை அரசியலோடு சேர்த்தே அனைவரும் பேசுகின்றனர். அங்ஙனம் பேசுதல் பிழையன்று. எவ்வாறு சேர்த்துப் பேசுவது என்பதே வினா.

அவ்வினாவை ‘எழுத்து’ என்னும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. சீனக் கலைஞர் பலர் கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுத்தையே தம் கலைக்குப் பொருளாகக் கொண்டுள்ளனர். தமிழ் பயில்வோர் எழுத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் பழகியவர் ஆதலின், சீன ஓவிய மரபை அறியாதாரும் இவ்வாயில் வழியே அக்கலையினுள் புகுதல் எளிது என்பது எம் கருத்து.

அளவுகோல் இரண்டு

1942-ஆம் ஆண்டு மே திங்களில், யெனான் நகரில் எழுத்தாளரும் கலைஞரும் கூடிய அவையில் மா சே துங் உரைகள் ஆற்றினார். சீன நாட்டின் பிற்காலக் கலைக்கொள்கை முழுவதற்கும் அவ்வுரைகளே அடிப்படையாயின. கலையை மதிப்பிட அரசியல் அளவுகோல், கலை அளவுகோல் என இரண்டு உண்டு என்றும், எந்த வகுப்பினரும் அரசியல் அளவுகோலையே முதற்கண் வைப்பர் என்றும் அவர் கூறினார். கலைத்திறம் இல்லாத படைப்பு அரசியலில் எத்துணை முற்போக்குடையதாயினும் ஆற்றலற்றது என்றும் அவரே கூறியுள்ளார். எனினும் பின்வந்தோர் முற்பகுதியை நினைவிற் கொண்டனர், பிற்பகுதியை மறந்தனர்.

அக்கொள்கை போர்க்காலத்தில் பிறந்தது என்பதை மறத்தலாகாது. அதற்கு முன்னரே, 1931-இல் எழுத்தாளர் லூ சுன் ஷாங்காய் நகரில் இளைஞர்க்கு மரச்செதுக்கு அச்சுக்கலையைப் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். செலவு குறைந்ததும், பல படிகள் எடுக்கத்தக்கதும், கல்லாதார்க்கும் விளங்குவதும் ஆகிய அக்கலை, மக்கள் துயரைக் காட்டும் கருவியாயிற்று. அங்கு அரசியல் கலைக்கு உயிரூட்டியது. 1949-இல் மக்கள் குடியரசு அமைந்த பின்னர் நிலை மாறியது. கலைஞன் தானே விரும்பி மேற்கொண்ட கடமை, அரசு விதிக்கும் கட்டளையாயிற்று. 1966 முதல் 1976 வரை நடந்த பண்பாட்டுப் புரட்சியில், அரசியல் அளவுகோல் ஒன்றே எஞ்சியது.

1979 செப்டம்பர் 27-ஆம் நாள், ‘விண்மீன்கள்’ என்னும் பெயருடைய இளங்கலைஞர் குழுவினர் பெய்ஜிங் கலைக்கூடத்தின் அருகே வேலியில் தம் படைப்புகளைத் தொங்கவிட்டுக் காட்டினர். காவலர் அதனைத் தடுத்தனர். அக்டோபர் முதல் நாள் அவர்கள் தெருவில் ஊர்வலம் சென்றனர். அக்குழுவினருள் ஒருவரான வாங் கெப்பிங் 1978-இல் செதுக்கிய சிற்பத்திற்கு ‘மௌனம்’ என்று பெயர். மரத்தாலாகிய அம்முகத்தின் வாயில் அடைப்பு ஒன்று செருகப்பட்டுள்ளது. ஒரு கண்ணும் மூடப்பட்டுள்ளது. சொல் தடைப்பட்ட காலத்தை அது சொல்லின்றியே காட்டிற்று.

1989 ஜூன் 4-ஆம் நாள் தியனான்மென் சதுக்க நிகழ்ச்சிக்குப் பின்னர், சீனக் கலைமீது மேலைநாட்டாரின் கண் திரும்பியது. 1993 டிசம்பரில் நியூயார்க் நகரத்து நாளிதழ் ஒன்றின் வார மலர், ஃபாங் லிசுன் வரைந்த கொட்டாவி விடும் மனிதனின் முகத்தை அட்டையில் வெளியிட்டது. அது வெறுங் கொட்டாவியன்று, சீனத்தை விடுவிக்கக்கூடிய ஓலம் என்னும் கருத்துப்படத் தலைப்பும் இட்டது. ‘இப்படைப்பு அரசுக்கு உதவுகிறதா?’ என்பது யெனான் மரபினரின் வினா. ‘இப்படைப்பு அரசை எதிர்க்கிறதா?’ என்பது வெளிநாட்டாரின் வினா. விடைகள் வேறாயினும் வினாவின் அமைப்பு ஒன்றே. அளவுகோல் மாறவில்லை, அதனைப் பிடித்த கை மாறிற்று.

இவ்விரு சாராரும் காணாது விட்ட ஒன்றினை எழுத்துவழி ஆராய்வோம்.

சீன எழுத்தின் இயல்பும் ஆட்சியும்

தமிழெழுத்து ஒலியைக் குறிப்பது. சீன எழுத்தோ பெரும்பாலும் ஒரு சொல்லையோ, சொல்லின் பொருளுடைய கூறு ஒன்றையோ குறிப்பது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு சதுரத்துள் அடங்கும். சில உறுப்புகளால் ஆகும். ஓர் உறுப்பு நீர், மரம், கை, மனம் முதலியவற்றுள் ஒன்றைச் சுட்டிப் பொருட்குறிப்புத் தரும். மற்றோர் உறுப்பு ஒலிப்பை ஒருவாறு உணர்த்தும். ஆதலின் முன்பின் அறியாத எழுத்தொன்றைக் கண்டாலும், இது நீர் தொடர்பானது போலும் எனப் படிப்பவர் உய்த்துணர இடமுண்டு. தமிழில் பொருளற்ற சொல் ஒன்றைப் புனைந்தால் அதனை வாயால் ஒலிக்கவேனும் இயலும். சீனத்தில் பொருளற்ற எழுத்து ஒன்றைப் புனைந்தால் அதனைப் பொருள்கொள்ளவும் இயலாது. உறுதியாக ஒலிக்கவும் இயலாது. ஆயினும் கண்ணுக்கு அது எழுத்தாகவே தோன்றும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றிப் பின்னர் வரும் படைப்புகளின் ஆழம் விளங்காது.

எழுத்து அந்நாட்டில் வணங்கத்தக்கதாக இருந்தது. எழுத்துள்ள தாளைக் காலால் மிதித்தலும் குப்பையில் எறிதலும் தீது எனக் கருதி, அத்தகைய தாள்களைத் திரட்டி, அதற்கென அமைந்த அடுப்பில் மதிப்போடு எரிக்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. தூரிகையால் எழுதும் வனப்பெழுத்து ஓவியத்தினும் உயர்ந்த கலையாகப் போற்றப்பட்டது. அரசுப்பணித் தேர்வுகளுக்கு எழுத்தறிவே வாயில்.

புதிய அரசும் இம்மரபின் ஆற்றலை நன்கு அறிந்திருந்தது. மக்கள் நாளிதழின் பெயர் மா சே துங்கின் கையெழுத்திலேயே இன்றும் அச்சாகிறது. 1966 மே 25-ஆம் நாள் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் ஒட்டப்பட்ட பெரிய எழுத்துச் சுவரொட்டி ஒன்று பண்பாட்டுப் புரட்சியின் தீப்பொறியாயிற்று. ஆகஸ்டு 5-ஆம் நாள் மா சே துங்கே ஒரு சுவரொட்டி எழுதினார். அதன்பின் நாடெங்கும் சுவர்கள் எழுத்தால் மூடப்பட்டன. ஒருவர் பெயர் சுவரில் எழுதப்படுவது அவர் வாழ்வின் முடிவாகவும் அமைந்தது.

எழுத்தின் வடிவமும் ஆணைக்கு உட்பட்டது. கல்வி பரவுதற்பொருட்டு 1956-இல் எழுத்துகளை எளிமையாக்கும் திட்டம் வெளியாயிற்று, அது நிலைபெற்றது. 1977 டிசம்பரில் இரண்டாம் முறையாக மேலும் பல எழுத்துகள் சுருக்கப்பட்டன. அவை நிலைபெறாமல் 1986 ஜூனில் திரும்பப் பெறப்பட்டன. ஆணையால் பிறந்த எழுத்துகள் ஒன்பதாண்டிற்குள் ஆணையாலேயே மறைந்தன. எழுதப் படிக்கக் கற்ற ஒரு தலைமுறை, தான் கற்றது நிலையானதன்று என்பதைத் தன் வாழ்நாளிலேயே கண்டது.

காதிற் செருகிய எழுதுகோல்

இந்நிலையில் ஓர் ஓவியத்தின் வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. 1980-இல் சிசுவான் மாநிலத்து இளம் ஓவியர் லுவோ சோங்லி ‘தந்தை’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அத்திரையில், வெயிலிற் கருகிச் சுருங்கிய உழவன் ஒருவனின் முகமே பெரிதும் நிறைந்துள்ளது. நாட்டுத் தலைவரின் உருவத்தை வரைவதற்கே வழங்கிவந்த அளவினை ஓர் ஏழை உழவனுக்கு அளித்தமையே அவ்வோவியத்தின் துணிவு.

ஆயின் அவ்வோவியத்தில் உழவனின் காதில் எழுதுகோல் ஒன்று செருகப்பட்டுள்ளது. ஓவியர் முதலில் அதனை வரையவில்லை. இவன் பழஞ்சமுதாயத்து உழவனல்லன், எழுத்தறிந்த புதுச்சமுதாயத்து உழவன் என்று காட்ட வேண்டும் என அதிகாரி ஒருவர் கூறியதன்மேல் அது சேர்க்கப்பட்டது. அரசியல் அளவுகோலுக்கு இறுக்கப்பட்ட சிறு வரி என்று இதனைக் கொள்ளலாம். ஆயினும் இன்று அவ்வோவியத்தைக் காண்பவர் கண் முதலில் முகத்தின் சுருக்கங்களிற் சென்று, பின்னரே எழுதுகோலைச் சேர்கிறது. சேர்ந்ததும் ஐயம் ஒன்று எழுகிறது: இக்கைகள் இவ்வெழுதுகோலால் எதனை எழுதியிருக்கும்? விடை கூறுதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள் வினாவாக நின்றுவிட்டது. எழுத்தின்மீது கலைக்கு எழுந்த ஐயத்தின் தொடக்கமாக இதனை யாம் கொள்கிறோம்.

பொருளற்ற எழுத்து

அவ்வையத்தை முழுமையாக்கியவர் சூ பிங். 1955-இல் பிறந்த இவர் பெய்ஜிங் பல்கலைக்கழகச் சூழலில் வளர்ந்தவர். தந்தை வரலாற்றுப் பேராசிரியர். தாய் நூலகத் துறையில் பணியாற்றியவர். எழுதக் கற்குமுன்னரே நூல்களின் நடுவே வாழ்ந்த பிள்ளை அவர். பண்பாட்டுப் புரட்சியில் தந்தை இழிவுபடுத்தப்பட்டார். மகனோ அழகாக எழுதவல்லவர் ஆதலின் சுவரொட்டிகள் எழுதினார். எழுத்தின் இரு முகங்களையும் ஒரே வீட்டில் கண்டவர் அவர்.

1987-இல் அவர் மரக்கட்டைகளில் எழுத்துகளைச் செதுக்கத் தொடங்கினார். நாலாயிரத்திற்கு மேற்பட்ட எழுத்துகளைச் செதுக்கி முடித்தார். அவற்றுள் ஒன்றேனும் உண்மையான சீன எழுத்தன்று. உறுப்புகள் உண்மை, சேர்க்கை பொய். அவ்வெழுத்துகளைப் பழைய முறையில் அச்சிட்டு, நூல்களாகத் தைத்து, தரையில் வரிசையாக விரித்தார், நெடுஞ்சுருள்களாக மேலிருந்து தொங்கவிட்டார், சுவர்களிலும் ஒட்டினார். 1988 அக்டோபரில் பெய்ஜிங் கலைக்கூடத்திலும், 1989 பிப்ரவரியில் அங்கேயே நடந்த புதுநெறிக் கலைக் கண்காட்சியிலும் மக்கள் அதனைக் கண்டனர். ‘உலகை ஆராயும் கண்ணாடி’ என்னும் பொருள்பட அவர் வைத்த பெயர் வழங்கவில்லை. ‘விண்ணுலக நூல்’ என மக்கள் வழங்கிய பெயரே நிலைத்தது. ஒருவர்க்கும் விளங்காத எழுத்தைக் குறிக்கச் சீனர் வழங்கும் தொடர் அது.

கண்டவர் செய்தது யாது? ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த எழுத்து ஒன்றையேனும் தேடினர். முதிய அறிஞரும் தேடினர்; மாணவரும் தேடினர். எவர்க்கும் கிடைக்கவில்லை. கற்றாரும் கல்லாரும் ஒருநிலையராக நின்றனர். இஃது எழுத்தை இகழ்ந்த செயலா எனின், அன்று. இகழ்பவன் நாலாயிரம் எழுத்துகளைத் தன் கையால் ஒவ்வொன்றாகச் செதுக்கமாட்டான். பழைய நூலின் தாள், தையல், வரியமைப்பு, ஓரக்குறிப்பு அனைத்தும் பேணப்பட்டுள்ளன. எழுத்தின் மாட்சி முழுவதும் இருக்கிறது. பொருள் மட்டும் இல்லை. பத்தாண்டுக் காலம் முழக்கங்களை உரக்கப் படித்த மக்கள் முன் அவ்வமைப்பு வைக்கப்பட்டது. மாட்சி மிகுந்தும் பொருளற்றும் இருந்த சொற்களை அவர்கள் முன்னரே கண்டவர்கள். அவர்கள் கண்டதனையே சூ பிங் அவர்கட்கு மீண்டும் காட்டினார். ஒரு தலைவர் பெயரையும் கூறவில்லை. ஒரு கொள்கையையும் மறுக்கவில்லை. கூறியிருப்பின் அஃது இன்னொரு சுவரொட்டியாகவே முடிந்திருக்கும்.

1990-இல் சீனத் திறனாய்வாளர் ஒருவர், இருளில் வழி தெரியாது பேய்கள் சுவரைச் சுற்றுவது போன்றது இம்முயற்சி என்று கடிந்து எழுதினார். சூ பிங் அவ்வாண்டு சீனப் பெருஞ்சுவரின் ஒரு பகுதியைத் தாளில் மையொற்றிப் படியெடுத்து, ‘சுவரை மோதும் பேய்கள்’ என அவ்வசையையே தம் படைப்புக்குப் பெயராக்கினார். அவ்வாண்டே அமெரிக்கா சென்றார்.

முழக்கமும் விளம்பரமும்

1990-க்குப் பின்னர் வாங் குவாங்யி ‘பெருங்கண்டனம்’ என்னும் வரிசையில் ஓவியங்கள் தீட்டினார். பண்பாட்டுப் புரட்சிக்காலச் சுவரொட்டிகளில் நின்ற தொழிலாளரும் உழவரும் படைவீரரும் அவற்றில் மீண்டும் நிற்கின்றனர். கைகளில் எழுதுகோலை ஈட்டிபோல் ஏந்தியுள்ளனர். ஆனால் முழக்கம் இருந்த இடத்தில் கோக்கா கோலா முதலிய வணிகப் பெயர்கள் உள்ளன. திறனாய்வாளர் லி சியான்டிங் இப்போக்கிற்கு ‘அரசியல் பாப்’ என்று பெயரிட்டார். முழக்கமும் விளம்பரமும் மக்களை நோக்கிக் கட்டளையிடும் சொற்களே. இரண்டும் மறுமொழியை எதிர்பார்ப்பன அல்ல. இவ்வொப்புமையே அவ்வோவியங்களின் கருத்து.

ஈண்டு ஒரு குறையையும் கூறுதல் திறனாய்வாளர் கடமை. விளம்பரத்தை எள்ளிய ஓவியம் விரைவில் தானே விற்பனைப் பொருளாயிற்று. 2013 அக்டோபரில் ஹாங்காங் ஏலத்தில், செங் ஃபான்சி 2001-இல் வரைந்த ‘இறுதி விருந்து’ என்னும் ஓவியம் 18 கோடி ஹாங்காங் டாலருக்கு விலை போயிற்று. விலை உயர்ந்தமை ஓவியரின் குற்றமன்று. ஆயின் ‘எதிர்ப்பு’ என்பதை வெளிநாட்டார் விரும்பி வாங்குகின்றனர் எனக் கண்ட சிலர், தலைவரின் உருவத்தையும் செங்கொடியையும் அச்சுப்போல் திரும்பத் திரும்ப வரைந்தனர். வெளிநாட்டு அரசியல் அளவுகோல் விளைத்த தீங்கு இது. எதிர்ப்பும் ஒரு முழக்கமாகித் தன் பொருளை இழந்தது.

மறையும் எழுத்து

வேறு சிலர் ஓசையின்றி எழுதினர். சியு சிசியே 1990-இல் தொடங்கி, வாங் சிசி என்பார் கி.பி. 353-இல் எழுதிய புகழ்வாய்ந்த வனப்பெழுத்துப் படைப்பான ‘ஆர்க்கிட் மண்டப முன்னுரை’யை ஒரே தாளின்மேல் ஆயிரம் முறை எழுதினார். மரபில் ஆசான் எழுத்தைப் பலமுறை படியெடுத்தலே பயிற்சி. அவ்விதியை அவர் முழுமையாகப் பின்பற்றினார். விளைவு, தாள் முழுவதும் கருமையாயிற்று. மரபைப் போற்றியே மரபு மறைந்தது. மாற்றமின்றித் திரும்பக் கூறுதல் எதிலே சென்று முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2000-ஆம் ஆண்டில் சாங் ஹுவான் தம் முகத்தின்மேல் மூவரைக் கொண்டு சீனப் பழமொழிகளையும் கதைகளையும் குடும்பச் சொற்களையும் எழுதச் செய்தார். காலை முதல் இரவு வரை எழுத எழுத முகம் கருத்தது. ‘குடிவழி மரம்’ என்னும் அவ்வொன்பது நிழற்படங்களுள் இறுதியானதில் எழுத்தும் இல்லை, முகமும் இல்லை. மரபின் சொற்கள் ஒருவனை இன்னான் என்று காட்டுதற்கு எழுதப்பட்டு, அவனையே மறைத்துவிட்டன.

சோங் டோங் செய்தது இன்னும் எளியது. இளமையில் வறுமை காரணமாக, மையும் தாளும் வீணாகாதபடி கல்லின்மேல் நீரால் எழுதிப் பழகுமாறு தந்தை அவர்க்குக் கூறினார். 1995 முதல் அவர் தம் நாட்குறிப்பை ஒரு கல்லின்மேல் தூரிகையால் நீர் தொட்டு எழுதிவருகிறார். எழுதியது சிறிது நேரத்தில் உலர்ந்து மறையும். நாட்குறிப்பே குற்றச்சான்றாகக் கொள்ளப்பட்ட காலம் ஒன்று அந்நாட்டில் இருந்தது என்பதை நினைத்தால், இச்செயலின் பொருள் விளங்கும். எவரும் பறிக்க இயலாத எழுத்து, எவர்க்கும் எட்டாத எழுத்தாகவும் இருக்கிறது. காப்பும் இழப்பும் ஒன்றாகவே நிற்கின்றன. எழுதுவோனுக்கு எழுதிய நிறைவு உண்டு. கல்லுக்கு அடையாளம் இல்லை.

பெயர்

2008 மே 12-ஆம் நாள் சிசுவான் மாநிலத்தில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஏறத்தாழ 69,000 பேர் இறந்தனர். பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்து வீழ்ந்தமையின் மாணவர் மிகப் பலர் மாண்டனர். கட்டடங்கள் உறுதியற்றனவாகக் கட்டப்பட்டன என்று பெற்றோர் முறையிட்டனர். இறந்த பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் வேண்டும் என்றும் கேட்டனர். இறந்தும் காணாமற்போயும் ஒழிந்த மாணவர் 5,335 பேர் என 2009 மே திங்களில் மாநில அரசு எண்ணிக்கை வெளியிட்டது.

கலைஞர் ஐ வெய்வெய் தன்னார்வத் தொண்டர்களைத் திரட்டி ஊர் ஊராக விசாரிக்கச் செய்தார். இவர் தந்தை ஐ சிங் புகழ்பெற்ற கவிஞர். 1950-களின் இறுதியில் கண்டனத்திற்கு உள்ளாகிக் குடும்பத்தோடு தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டவர். சொல்லுக்குத் தண்டனை உண்டு என்பதைப் பிள்ளைப்பருவத்திலேயே அறிந்தவர் மகன். தொண்டர்கள் 5,196 பெயர்களைத் திரட்டினர். பெயர், பிறந்த நாள், பள்ளி, வகுப்பு ஆகியவை வரிசையாக அச்சிடப்பட்டு ஒரு சுவர் முழுவதையும் மூடின. 2009-இல் மியூனிக் நகரத்துக் கலைக்கூடத்தின் முகப்பில், 9,000 பள்ளிப் பைகளைக் கொண்டு ஒரு தொடரை அவர் அமைத்தார். தன் மகள் ஏழாண்டுகள் இவ்வுலகில் மகிழ்வோடு வாழ்ந்தாள் என்னும் பொருள்பட ஒரு தாய் கூறிய சொற்கள் அவை. அவ்வாண்டு ஆகஸ்டில் செங்டு நகரில் அவர் காவலரால் தாக்கப்பட்டார். 2011 ஏப்ரலில் கைதாகி 81 நாள் சிறையிருந்தார்.

இப்பெயர்ச்சுவரை ‘விண்ணுலக நூல்’ தொங்கிய கூடத்தோடு ஒப்பிட்டுக் காண்க. இரண்டிலும் சுவர் முழுவதும் எழுத்து. இரண்டிலும் படிப்பவர் ஒவ்வொரு வரியாகக் கண் செலுத்துகிறார். ஒன்றில் பொருள் அறவே இல்லை. மற்றொன்றில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் உயிரைக் குறிக்கிறது. சீனப் பெயர்கள் பொருளுடைய எழுத்துகளால் ஆவன. பெற்றோர் தம் விருப்பத்தையே பிள்ளைக்குப் பெயராக வைப்பர். ஆதலின் அச்சுவரைப் படிப்பவர், இறந்தோர் பட்டியலோடு பெற்றோர் விருப்பங்களின் பட்டியலையும் படிக்கிறார். முழக்கமாகத் தேய்ந்து, பொய்யெழுத்தாக வெறுமையுற்று, நீரெழுத்தாக மறைந்த சொல், ஈண்டு மீண்டும் பொருள் பெறுகிறது. முன்னிரண்டையும் கண்டவர்க்கே பின்னதன் எடை முழுதும் விளங்கும்.

தடையும் விடையும்

இவ்வாய்வின்மேல் எழக்கூடிய தடைகள் மூன்று.

வெற்றெழுத்தும் நீரெழுத்தும் அச்சத்தால் விளைந்த மறைப்பு அல்லவா என்பது முதல் தடை. ஓரளவு ஆம் என்போம். வெளிப்படக் கூற இயலாமையே அவற்றைத் தோற்றுவித்தது. ஆயின் காரணம் வேறு, விளைவு வேறு. அனைவரும் முழக்கமிட வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்தை நிறுத்துதல் நடுநிலையன்று. அதனைக் கடிந்து எழுதியோரே அதன் கூர்மையை உணர்ந்தவர் என்பது வெளிப்படை.

சூ பிங் 2008-இல் நாடு திரும்பி, 2014 வரை அரசின் நடுவண் நுண்கலைக் கழகத்தில் துணைத்தலைவராகப் பணியாற்றினார். ஐ வெய்வெய் சிறை சென்றார். எனவே பின்னவர் கலையே உயர்ந்தது என்பது இரண்டாம் தடை. இது யெனான் அளவுகோலின் மறுபுறமே. சிறை சென்றமை ஒருவர் நெஞ்சுரத்திற்குச் சான்று. அவர் படைப்பின் திறத்திற்குச் சான்றன்று. பதவி பெற்றமை பின்னாளைய வரலாறு. 1988-இல் அக்கூடத்தில் நின்றவர் கண்டதை அது மாற்றாது.

பெயர்ப்பட்டியல் கலையாகுமா என்பது மூன்றாம் தடை. பட்டியல் தானே கலையன்று. அதனை எவ்விடத்து, எவ்வளவினதாய், எவ்வொழுங்கில் நிறுத்தினார் என்பதே கலை. எண்ணிக்கை ஒரு கணத்தில் படிக்கப்படும்; பெயர்ச்சுவர் அங்ஙனம் படிக்கப்படாது. படிப்பவரின் காலத்தை அது கேட்கிறது. அக்காலமே துயர்.

இத்தடைகளுக்கு விடை கூறுங்கால் ஒரு வேறுபாட்டை உறுதியாக நிறுத்தல் வேண்டும். கலைஞனின் உரிமை வேறு; கலையின் மதிப்பு வேறு. 2014 அக்டோபரில் பெய்ஜிங்கில் கூடிய கலை இலக்கிய அவையில் ஷி ஜின்பிங், கலை சந்தைக்கு அடிமையாதல் கூடாது, மக்களுக்குத் தொண்டு செய்தல் வேண்டும் என வலியுறுத்தினார். யெனான் குரல் மீண்டும் ஒலித்தது. நாட்டு வீரரையும் உயிர்நீத்தாரையும் இழிவுசெய்தல் 2021 மார்ச்சில் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மா சே துங்கின் உருவைப் பொருளாகக் கொண்டு பத்தாண்டுகளுக்கும் முன்னர்ச் செய்த சிற்பங்கள் காரணமாக, காவ் சகோதரருள் ஒருவரான காவ் சென் 2024 ஆகஸ்டில் காவலில் வைக்கப்பட்டார். அச்சிற்பங்கள் சிறந்தனவா என்னும் வினா திறனாய்வுக்கு உரியது. அவர் காவலில் வைக்கப்பட்டது முறையா என்னும் வினாவுக்கு விடை, சிற்பத்தின் சிறப்பைப் பொறுத்ததன்று. எளிய கலைஞனும் அச்சமின்றிச் செய்யும் உரிமையுடையவன். உரிமையைக் காக்கக் கலையை மிகைபடப் புகழ்வதும், கலையின் குறைகூறி உரிமையைக் கைவிடுவதும் ஒருங்கே தவறு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தற்காலச் சீனக் கலைக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு ஆதரவு, எதிர்ப்பு என்னும் இரு சொற்களுள் அடங்குவதன்று என்பது பெறப்படும். ஆட்சி ஒரு மக்களின் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளற்றதாக்கும்போது, கலை முதற்கண் அவ்வெறுமையைக் காட்டுகிறது. பின்னர் மறைவில் எழுதுகிறது. இறுதியில் ஒரு பெயரை எழுதி, சொல்லைத் தொடக்கத்திலிருந்து மீட்கிறது. இவை ஆண்டு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த படிகள் என்று கொள்ளற்க. மூன்றும் இன்றும் உடன் நிகழ்கின்றன.

2022 நவம்பர் 24-ஆம் நாள் உரும்சி நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தீப்பற்றிப் பத்துப் பேர் மாண்டனர். நோய்த்தடுப்புக் கட்டுப்பாடுகளே மீட்புப் பணியைத் தடுத்தன எனக் கருதிய மக்கள், அடுத்த நாட்களில் பல நகரங்களில் தெருவிற்கு வந்தனர். பலர் கையில் ஏந்தியது எழுத்தில்லாத வெள்ளைத்தாள். அவர்கள் கலைஞரைப் பின்பற்றினர் என்று யாம் கூறவில்லை. அத்தாளில் எழுதப்படாதது யாது என்பது ஏந்தியவர்க்கும் தெரியும், கண்டவர்க்கும் தெரியும், தடுத்த காவலர்க்கும் தெரியும். எழுத்தின்றியே ஒரு தாளை அனைவரும் ஒருபடியாகப் படிக்கின்றனர் எனின், அச்சமுதாயத்தில் எழுத்துக்கு உள்ள ஆற்றல் அழியவில்லை என்பதே பொருள். அவ்வாற்றலை முன்னரே அறிந்து போற்றியோர் அந்நாட்டுக் கலைஞர். அவர்தம் படைப்புகளை அவர்தம் எழுத்தின் வழியே படிக்கக் கற்றல், பிறநாட்டுத் திறனாய்வாளர் அவர்கட்குச் செய்யத்தக்க முதற்கடன் ஆகும்.